யார் கையில் பதிவேடு? பழனி மலையும் தொழில்நுட்பமும்

ஒரு புதிய கருவியோ மென்பொருளோ ஊருக்குள் வரும்போது நாம் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்கிறோம்: அதனால் என்ன பயன், அதற்கு என்ன செலவு? பயனைச் சொல்பவர்கள் ஒரு பக்கமும் தீங்கைச் சொல்பவர்கள் இன்னொரு பக்கமும் நின்று வாதாடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று நடக்கும் சண்டையும் இப்படித்தான் போகிறது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை நாம் அரிதாகவே கேட்கிறோம். அந்தத் தொழில்நுட்பம் செய்துவருவதை எழுதிவைக்கும் பதிவேடு யார் கையில் இருக்கிறது? அதை இயக்காத ஒருவர் அந்த ஏட்டைத் திறந்து சரிபார்க்க வழி உண்டா? பயனையும் தீங்கையும் பற்றி நாம் எடுக்கும் எந்த முடிவும் இந்த மூன்றாம் கேள்வியின் விடையைப் பொறுத்தே நிற்கும் என்பது என் கட்சி. இதைச் சோதித்துப் பார்க்கப் பழனி மலைத்தொடரைப் போல வசதியான இடம் குறைவு. ஒரே மலையில், கடந்த 125 ஆண்டுகளில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொழில்நுட்பங்கள் வந்திறங்கின: சூரியனைப் படமெடுக்கும் ஆய்வகம், பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை, காட்டையும் புல்வெளியையும் மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள், சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வழங்கும் மென்பொருள். ஏடு ஒவ்வொன்றிலும் வேறு வேறு கைகளில் இருந்தது. விளைவும் அதற்கேற்ப வேறானது.

முதலில் வந்தது சூரிய ஆய்வகம். அதன் வேர் பஞ்சத்தில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதை முன்னறிய முடியுமா என்ற கேள்வி காலனி அரசை விடாமல் துரத்தியது. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. பருவமழையும் அந்தத் தாளத்தில்தான் ஏறி இறங்குகிறதோ என்ற ஐயம் அன்றைய அறிஞர் பலரிடம் வலுவாக இருந்தது. சூரியனைத் தொடர்ந்து பார்க்கத் தெளிந்த வானம் வேண்டும் என்பதால், நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிவந்த சென்னை வானாய்வகத்தின் பணியை மலைக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. சார்ல்ஸ் மிச்சி ஸ்மித் தென்னிந்திய மலைகளை ஆராய்ந்து கோடைக்கானலைத் தேர்ந்தார். 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899இல் சென்னை ஆய்வகத்தின் பணி அங்கே மாறியது. 1901இல் சூரிய நோக்கு தொடங்கியது. எந்த நம்பிக்கையில் கட்டினார்களோ அந்த நம்பிக்கை மட்டும் நிறைவேறவில்லை. 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கணிதர் கில்பர்ட் வாக்கர், உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த காற்றழுத்த, மழைக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பருவமழையை முன்னறிவிக்கச் சூரியப் புள்ளிகள் கைகொடுக்கவில்லை. அந்தத் தேடலில் அவர் கண்டறிந்தது, பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே ஆடும் காற்றழுத்த ஏற்றத்தாழ்வு. இன்று எல் நினோ என்று நாம் பேசும்போது அதன் மறுபாதியைத்தான் பேசுகிறோம்.

நிறுவிய நோக்கம் தோற்ற பிறகும் கோடைக்கானல் ஆய்வகம் பதிவை நிறுத்தவில்லை. 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனின் வெண்ணொளிப் படம் கண்ணாடித் தட்டில் ஏறியது. கால்சியம் அணுக்கள் உமிழும் ஊதா ஒளியில் எடுத்த படங்களும், 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் எடுத்தவையும் சேர்ந்துகொண்டன. இவை தவிர, புள்ளிகளையும் சுடர்களையும் கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்து குறிக்கும் வேலையும் நூறாண்டுக்கு மேல் தொடர்ந்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கேதான் சூரியப் புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் என் பார்வையில் ஆய்வகத்தின் பெருஞ்சாதனை அந்த ஒரு கண்டுபிடிப்பு அல்ல. கால்சியம் ஒளிப் படங்கள் ஏறத்தாழ அதே ஒளியியல் அமைப்பில் 2007 வரை எடுக்கப்பட்டு வந்ததுதான். பேரரசு போனது, குடியரசு வந்தது, இயக்குநர்கள் மாறினார்கள், இயக்குநர் வைணு பாப்புவின் காலத்தில் 1971இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. நடுவே கருவியை மாற்றியிருந்தால் 1910ஆம் ஆண்டுச் சூரியனையும் 2000ஆம் ஆண்டுச் சூரியனையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியாமல் போயிருக்கும்.

இந்தத் தட்டுகள் எண்மப் படங்களாக மாற்றப்பட்டு, உலகில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்கப்பட்டுள்ளன. அதன் பலன் எதிர்பாராத பக்கங்களிலிருந்து வந்தது. கால்சியம் ஒளியில் பிரகாசமாகத் தெரியும் பகுதிகள் காந்தப்புலம் வலுத்த இடங்கள். சூரியனின் காந்தப்புலத்தை முறையாக நாள்தோறும் வரைபடமாக்கும் வழக்கம் வருவதற்கு வெகுமுன்பே கோடைக்கானல் தட்டுகள் இருப்பதால், அந்தப் பழைய காலத்தின் காந்த நிலையை இவற்றிலிருந்து நிரல் எழுதி ஊகிக்க முடிகிறது. இன்னொரு பலனும் உண்டு; நிரலாளர்களுக்கு அதுவே முக்கியம். பழைய படங்கள் சிலவற்றில் நேரக் குறிப்பும் சூரியனின் அச்சு எந்தத் திசையில் இருந்தது என்ற குறிப்பும் பிசகியிருந்தன. தரவு வெளியே இருந்ததால் ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள், திருத்தும் வழியையும் எழுதினார்கள். பூட்டிய பெட்டிக்குள் கிடந்திருந்தால் அந்தப் பிழை உண்மையாகவே நிலைத்திருக்கும். இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 1989 மார்ச்சில் ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்சாரத்தை ஒன்பது மணி நேரம் நிறுத்தியது. 60 லட்சம் பேர் இருளில் இருந்தார்கள். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியது, கோடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே நிறுவனம். விண்கலம் இன்றைய சூரியனைக் காட்டும். இன்றைய சூரியன் வழக்கமானதா, விதிவிலக்கா என்று சொல்ல நூறாண்டுப் பதிவு வேண்டும்.

அதே மலையில், செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பாறு சோலையை ஒட்டி 1983இல் வந்தது தெர்மாமீட்டர் ஆலை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிய ஆலையின் இயந்திரங்களைப் பாண்ட்ஸ் நிறுவனம் இங்கே கொண்டுவந்து நிறுவியது. பின்னர் அது யூனிலீவர் குழுமத்தின் கைக்கும், அதன் வழியாக இந்துஸ்தான் லீவருக்கும் போனது. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வந்தன, செய்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்குப் போயின. கோடைக்கானலில் தங்கியவை கூலியும் கழிவும். பாதரசம் அறையின் வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. மூச்சோடு போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஆகவே அங்கே வேலை செய்தவருக்குத் தன் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய அளவீடு ஒன்றே வழி. ஆலைக்குள்ளிருந்த காற்றின் அளவீடும், வாங்கிய பாதரசத்துக்கும் தெர்மாமீட்டரில் அடைத்து அனுப்பிய பாதரசத்துக்கும் இடையிலான கழித்தல் கணக்கும் பொது ஏட்டில் இல்லை. கணக்கை வைத்திருப்பவரே கழித்துப் பார்க்க முடியும்; மற்றவர் அவர் சொல்லும் எண்ணை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம், சரிபார்க்க முடியாது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. அபாயக் கழிவு பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு வருவதுதான் உலக வழக்கம் என்பதால், இந்தத் திரும்புபயணம் அரிய நிகழ்ச்சி. அதற்குள் காற்றிலும் மண்ணிலும் கலந்தது எவ்வளவு என்பதற்கு நிறுவனம் ஒரு எண் சொன்னது. இயக்கத்தார் அதைவிடப் பன்மடங்கு சொன்னார்கள். தொழிலாளரின் உடல்நலத்துக்குத் தீங்கு நேரவில்லை என்பதே நிறுவனத்தின் நிலையான வாதம். இந்த இழுபறியில் வெளியிலிருந்து ஒரு சான்று வந்தது. அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்த வேதியியலாளர்கள் மரத்தில் படரும் லைக்கனையும் பாசியையும், பின்னர் ஏரியின் நீரையும் மீனையும் சோதித்து, பாதரச மாசு ஆலையைச் சுற்றி மட்டும் நிற்கவில்லை என்று ஆய்விதழ்களில் எழுதினார்கள். ஆலை எழுதாத பதிவேட்டை லைக்கன் எழுதி வைத்திருந்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்படிக்கை ஏற்பட்டது 2016 மார்ச்சில், ஆலை மூடி 15 ஆண்டு கழித்து. மண்ணைத் தூய்மை செய்யும் அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை போதுமா, இன்னும் கடுமையாக வேண்டுமா என்ற வழக்கு அதற்குப் பிறகும் ஓடியது. பாம்பாறு கும்பக்கரை வழியாகச் சமவெளிக்கு இறங்கும் ஆறு என்பதை நினைத்தால், இந்த எண் மலைமேல் இருப்பவர்களின் கவலை மட்டும் அல்ல என்பது புரியும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஆய்வகத்தையும் ஆலையையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா? சூரியனைப் பற்றிய உண்மை வெளிவந்தால் யாருக்கும் நட்டமில்லை. அதனால் அந்த ஏடு திறந்திருக்கிறது. பாதரசத்தைப் பற்றிய உண்மை வெளிவந்தால் பணமும் பெயரும் போகும். அதனால் அது மூடியிருக்கிறது. இரண்டையும் பிரிப்பது பதிவேட்டின் முறை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் நலன் என்பார்கள். இந்த மறுப்பின் முதல் பாதி முழு உண்மை. அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. நலன் எங்கே குறுக்கே நிற்கிறதோ அங்கே நல்லெண்ணத்தை நம்பிப் பயனில்லை என்றுதான் அது காட்டுகிறது. அப்படியானால் திறந்த பதிவேடு சட்டத்தின் கட்டாயமாக வர வேண்டும். உலக அளவில் அது ஓரளவு வந்தும் இருக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நோய் அதிகாரப்பூர்வமாக அறியப்பட்டது 1956இல். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை உறுதிசெய்தது. அந்த உடன்படிக்கை பாதரசம் கொண்ட பொருள்களுக்குக் கெடு வைப்பதோடு நிற்கவில்லை, நாடுகள் தங்கள் பாதரசக் கணக்கை அறிக்கையாகத் தரவும் கேட்கிறது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, ஒரு தனியார் அமைப்பிடமிருந்து அரசு வேறு சட்டப்படி பெறக்கூடிய தகவலையும் குடிமகன் கேட்கலாம் என்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையிடம் கேட்கக்கூடிய அளவீட்டை நாம் வாரியத்திடம் கேட்கலாம். கதவு இருக்கிறது, தட்டுபவர் குறைவு.

திறந்த பதிவு நலனை மீறி வேலை செய்யும் என்பதற்கு இதே மலை இன்னொரு சான்று தருகிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. நீண்ட காலம் அந்தப் படங்கள் விலைக்கு விற்கப்பட்டன. 2008இல் முழுத் தொகுப்பும் இலவசமானது. அதன்பின் நம் ஆய்வாளர்கள் பழனி மலையின் 40 ஆண்டுப் படங்களை நிரல் கொண்டு வகைப்படுத்தி 2018இல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சியானது: 1973க்கும் 2014க்கும் இடையே மலையுச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வாட்டில், பைன், தைலமரத் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. தோலுக்கும் கூழுக்கும் மரம் வளர்த்த காலத்தில் புல்வெளி பயனற்ற தரிசாக எழுதப்பட்டது. மரம் நட்டால் காடு பெருகியதாகக் கணக்கு வந்தது. மழைநீரை உறிஞ்சி ஓடைகளுக்குச் சிறுகச் சிறுகத் தரும் நிலம், குறிஞ்சி பூக்கும் நிலம், ஏட்டில் வெற்றிடமாக இருந்தது. நிரல் எழுதுபவர்கள் இதில் நின்று யோசிக்க வேண்டும். ஒரு பட்டியலில் எந்தெந்த வகைகள் இருக்கலாம் என்று தீர்மானிப்பவர் பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறார். மூலப் படம் வெளியே இருந்ததால்தான் வேறொருவர் வேறு வகைகளை வைத்து அதே நிலத்தை மறுபடி எண்ண முடிந்தது.

இப்போது மலையேறியிருக்கும் தொழில்நுட்பம் இ-பாஸ். கோடையில் வண்டிகள் பெருகி மலைச்சாலைகள் திணறியதால், சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் இறுதியில் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று ஆணையிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் கேட்டவர்க்கெல்லாம் பாஸ் கிடைத்தது, எண்ணிக்கை அறிவதே நோக்கம். 2025 மார்ச்சில் நீதிமன்றம் கோடைக்காலத்துக்கு உச்சவரம்பு விதித்தது: கோடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. மலை தாங்கும் அளவை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது. நோக்கம் நல்லது, எண்ணாமல் எதையும் ஆள முடியாது என்பதால் நான் இதை முழுமனதாக ஆதரிக்கிறேன். வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் விடுதி நடத்துபவர்களும் வருமானம் குறைந்தது என்கிறார்கள். மரத்தையும் நீரையும் பற்றிக் கவலைப்படுபவர்கள் வரம்பு போதவில்லை என்கிறார்கள். இரு தரப்பும் வாதிடத் தேவையான தினசரிக் கணக்கு, எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது, எந்த வகை வண்டி எவ்வளவு ஏறியது என்ற விவரம், அனைவரும் தரவிறக்கிச் சரிபார்க்கும் வடிவில் இருந்தால் சண்டை பாதியாகும். வரம்பை நிரல் எப்படிப் பங்கிடுகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். முந்தியவருக்கு முதலிடம் என்பதும் ஒரு கொள்கைதான், அது இணையம் கைவசம் உள்ளவருக்குச் சாதகமான கொள்கை.

மென்பொருளை நம்பி ஏட்டை மூடிவைத்தால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டன் பெரிய விலை கொடுத்திருக்கிறது. அங்கே கிளை அஞ்சலகங்களுக்கு 1999இல் வந்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. அதை நம்பி 2015 வரை 900க்கும் மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களில் தண்டிக்கப்பட்டார்கள். கணினி சரியாக இயங்குகிறது என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். தவறு என்று காட்டும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். காட்டுவதற்கு வேண்டிய பதிவுகளோ எதிர்த்தரப்பிடம். 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளின் பிழைகளை அம்பலமாக்கியது. 2024 மே மாதம் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தண்டனைகளைத் துடைக்க வேண்டி வந்தது. கோடைக்கானலின் பாஸ் யாரையும் சிறைக்கு அனுப்பாது. ஆனால் ரேஷனும் ஓய்வூதியமும் நில ஆவணமும் நிரல்களின் வழியே ஓடும் நாட்டில், சோதிக்க முடியாத நிரலுக்குப் பணிவது சின்ன விஷயத்திலேயே பழகிப்போகக் கூடாது.

மறுப்புகள் இன்னும் சில. பாஸ் விண்ணப்பத்தில் பெயரும் கைபேசி எண்ணும் வண்டி எண்ணும் இருக்கின்றன, திறந்துவிட்டால் அந்தரங்கம் என்னாகும் என்பது நியாயமான கேள்வி. திறக்கச் சொல்வது ஆட்களை அல்ல, எண்ணிக்கையையும் விதியையும். அந்தரங்கம் குடிமகனைக் காக்க வந்த உரிமை. அது அலுவலகத்தின் கணக்கை மறைக்கும் திரையாகக் கூடாது. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பிரிவைத் திருத்தியதை நான் கவலையோடு பார்ப்பதும் இதனால்தான். மூல நிரலை வெளியிட்டால் அதை உடைத்துவிடுவார்கள் என்பார்கள். ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரலை மத்திய அரசே 2020 மே மாதம் வெளியிட்டது, அதனால் உலகம் கவிழ்ந்துவிடவில்லை. எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு. திறந்த தரவு யாருக்குப் பயன்படும்? பெரிய கணினியும் பணமும் வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களே அள்ளிக்கொண்டு போகும், ஏழை நாடு தட்டுகளைக் காத்துக் கொடுத்த காவல்காரனாக மிஞ்சும் என்கிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வு உண்மை. ஆனாலும் கோடைக்கானல் தட்டுகளிலும் பழனி மலைப் படங்களிலும் முன்னணி வேலை செய்தவர்களில் பலர் இந்திய ஆய்வாளர்கள். மூடிவைத்திருந்தால் பெரிய நிறுவனம் தன் சொந்தச் செயற்கைக்கோளை ஏவிக்கொள்ளும். வத்தலக்குண்டில் மடிக்கணினியோடு இருக்கும் மாணவிக்குத்தான் வழி அடைபடும். ஏற்றத்தாழ்வுக்கு மருந்து, நம் பிள்ளைகளுக்குத் தரவை ஆளத் தெரியும்படி கல்வியும் கணினி வசதியும் தருவது.

ஆகவே திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்திடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கோடைக்கானல் இ-பாஸின் தினசரி எண்ணிக்கையை, பெயர் விவரம் நீக்கி, கணினி படிக்கும் வடிவில் வெளியிடுங்கள். பாஸைப் பங்கிடும் விதியை மூல நிரலோடு வெளியிடுங்கள். பழைய தெர்மாமீட்டர் ஆலை வளாகத்தின் மண், பாம்பாற்றின் நீர், ஏரியின் மீன் இவற்றின் பாதரச அளவீடுகளைத் தேதியும் இடமும் குறித்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள். இந்தக் கோரிக்கைகளில் எதையும் எழுத வழக்கறிஞரோ வல்லுநரோ தேவையில்லை. படிக்கும் நீங்களே எழுதலாம். தகவல் உரிமைச் சட்டப்படி மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர அலுவலகத்துக்கு உள்ள கெடு 30 நாள்.